பழுப்பு ஏறாத இருபத்து மூன்று

சுஹராத்தாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் லேபுக்குள் நுழைந்ததும், "ஓமனே, இங்க வா" என்று அவள் கூப்பிட்டது எனக்குப் பாதிதான் கேட்டது. சரி, இன்றைக்கு யாரோ மாட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டு பையை ஆணியில் மாட்டினேன். மாட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான் என்று அப்போது தெரியாது.

எங்கள் லேப் கோழிக்கோட்டில், புற்றுநோய்க்கென்றே இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கிறது. அறுவையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது எங்கள் வேலை. சீவுகிறவள் நான். சாயம் போடுகிறவள் சுஹராத்தா. நோயாளிகள் யாரும் எங்களைப் பார்த்ததில்லை. நாங்களும் அவர்களைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறோம்.

சுஹராத்தா ஊருக்குள்ளேயே, குற்றிச்சிறையில், தான் பிறந்த வீட்டிலேயே இன்றைக்கும் இருக்கிறாள். அவர்கள் வழக்கப்படி புருஷன்தான் பெண் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். அவருக்கு அறுபது வயது, தலை முழுக்க நரை, ஆனாலும் அந்த வீட்டில் அவர் பெயர் புதுமாப்பிள்ளை. "என் புதுமாப்பிள்ளைக்கு இன்னைக்கு மூட்டுவலி" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். வேலையில் மட்டும் சிரிப்பு கிடையாது. அவள் சாயம் போட்ட ஸ்லைடு என்றால் டாக்டர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் ரிஜிஸ்டரில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போடுவாள். அந்த டிக் விழுந்தால் சாயம் சரி என்று அர்த்தம்.

அன்று அவள் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள்.

"என்ன தெரியுது?"

"கட்டி. பழுப்பு ஏறல. நெகட்டிவ்."

"கட்டிய விடுடி. ஓரத்துல பாரு."

மார்பகக் கட்டி வந்தால் அதில் மூன்று புரதங்கள் இருக்கின்றனவா என்று நாங்கள் தேட வேண்டும். இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். ஹார்மோனைப் பிடிக்கிற புரதம் இருந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம், தினம் ஒரு மாத்திரையால் கட்டி திரும்ப வராமல் தடுக்கப் பார்க்கலாம். மூன்றும் இல்லையென்றால் மாத்திரை வேலை செய்யாது, நரம்பில் ஏற்றும் மருந்துதான் கதி. நான் பார்த்த ஸ்லைடின் ஓரத்தில் கட்டி இல்லாத நல்ல பால்குழாய்கள் இருந்தன. எந்தப் பெண்ணின் நல்ல குழாயிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு ஏறியே தீரும். இதில் ஒரு புள்ளி கூட இல்லை.

"சாயம் கெட்டுப்போச்சா இத்தா?"

"கூடவே போட்ட சோதனை ஸ்லைடு, புரதம் இருக்குன்னு தெரிஞ்ச சதை, காப்பிக்கொட்டை மாதிரி பழுத்துக் கிடக்கு. சாயம் கெடல. சதை கெட்டுப்போயிருக்கு. இருக்க வேண்டிய புரதமே இதுல செத்துப்போச்சு. அப்ப கட்டியில இல்லைன்னு நாம எப்படிச் சொல்றது?"

எங்கள் தலைமை டாக்டர் குருவிளா ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நான்கு வருஷத்தில் வந்த முன்னூற்று எண்பது பெண்களின் கட்டிகளை மறுபடி சீவி, மறுபடி சாயம் போட்டு, எந்தப் புரதம் எவ்வளவு இருந்தால் யாருக்கு எந்த மருந்து பலிக்கிறது என்று கணக்குப் பார்ப்பது. அதற்காகத்தான் சுஹராத்தா பழைய கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். இது பட்டியலில் கடைசி, போன மாதம்தான் வந்தது. வத்சலா, நாற்பத்தெட்டு வயது, எலத்தூர். ரிப்போர்ட் ஏற்கெனவே போய்விட்டது. மூன்றும் நெகட்டிவ்.

"போன மாசம் இதுக்கு டிக் போட்டது நான்" என்றாள். "நாப்பது ஸ்லைடு இருந்துச்சு. சோதனை ஸ்லைடு மட்டும் பார்த்தேன். ஓரத்துக் குழாயப் பார்க்கல."

அந்தக் கட்டி எனக்கும் ஞாபகம் இருந்தது. சீவும்போது நடுவில் கொழகொழவென்று இருந்து கத்தியை இழுத்தது. வடக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முழு மார்பை எடுத்து, நடுவில் கீறிவிடாமல் அப்படியே ஃபார்மலின் வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். ஃபார்மலின் ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். அது நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் நடு அழுகிவிடும். நல்ல கைக்காரி எவளும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மெழுகை ஐஸில் வைத்து, மூச்சுவிட்டு ஈரப்படுத்தி, எப்படியோ அழகாகச் சீவிக் கொடுத்துவிட்டேன். கெட்ட கட்டியைச் சமாளிப்பது எங்களுக்குள் ஒரு பெருமை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும்.

அதை அவளிடம் இப்போது சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இப்ப சொல்லி என்னடி பிரயோஜனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலை எடுத்தாள். அதில் இருந்ததைப் படித்ததும் அவள் குரல் இன்னும் இறங்கியது. வத்சலா முந்தின நாளே வார்டில் சேர்ந்துவிட்டாள். மதியம் இரண்டு மணிக்கு முதல் மருந்து, நரம்பில் ஏற்றுகிற அந்தச் சிவப்பு மருந்து. அவளுக்கு இதயம் பலவீனம். மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்று தெரிந்தே புருஷன் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றும் இல்லை என்றானதால் வேறு வழியில்லை என்று எழுதியிருந்தது.

டாக்டர் குருவிளா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அடுத்த வாரம் கொச்சியில் டாக்டர்கள் கூட்டத்தில் ஆராய்ச்சியை வாசிக்க வேண்டும், மனிதர் ஒரு வாரமாகவே எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஸ்லைடைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சந்தேகம் நியாயந்தான் சுஹரா. ஆனா ஆபரேஷன் முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு. நிஜமாவே நெகட்டிவா இருந்து நான் மருந்த நிறுத்தினா, தள்ளிப்போற ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஆபத்து. நிறுத்துன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்ல?"

"டெக்னீஷியன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க சாரே."

"கையெழுத்துப் போட்டது நான்."

"அப்ப ரெண்டு பேரும் பண்ணிட்டோம்னு சொல்லுங்க."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது ஆள் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"மத்த துண்டெல்லாம் இதே வாளியில கெடந்ததுதான். ஆபரேஷனுக்கு முன்னால ஊசி போட்டு எடுத்திருப்பாங்களே, அந்தச் சதை எங்க?" என்று கேட்டார் டாக்டர். "நூல் மாதிரி இருக்கும், உடனே பதப்பட்டிருக்கும். அது கிடைச்சா நம்பலாம். ரெண்டு மணிக்குள்ள அதுல சாயம் போட்டுக் கொண்டா. இல்லைன்னா என்னால எதுவும் பண்ண முடியாது."

ஊசியில் எடுத்த சதையைப் பதித்த மெழுகுக் கட்டியை எங்கள் பக்கத்துச் சின்ன லேபுகள் நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்பிவிடும். அதைக் கேட்டு வாங்கி வைப்பது எங்கள் வேலை. யாரும் கேட்கவில்லை. நாங்கள் வார்டுக்கு ஓடினோம். வத்சலா கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோட்டைப் பார்த்ததும் கையை மறைத்துக்கொண்டாள்.

"ஊசி போட வந்தீங்களா?"

"இல்ல மோளே. நாங்க கண்ணாடி துடைக்கறவங்க" என்றாள் சுஹராத்தா.

வத்சலா சிரித்தாள். அவள் முகத்தை முழுசாக அப்போதுதான் பார்த்தேன்.

புருஷன் சத்யநாதனை வராந்தாவுக்கு அழைத்துப்போய் மெழுகுக் கட்டியைப் பற்றிக் கேட்டோம். தையற்காரர், ஒல்லியான ஆள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அத வீட்டுல வெச்சா எனக்குத் தூக்கம் வராது, எறிஞ்சிருங்கன்னு அவ சொன்னா. எறிஞ்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

"எறிஞ்சுட்டீங்களா?" சுஹராத்தாவின் குரல் கேட்கவேயில்லை. வாயசைவுதான் தெரிந்தது.

"அவளோட உடம்புல இருந்து வந்ததாச்சே. எப்படி எறியறது? தையல் மிஷின் டிராயர்ல, பாபினுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். வீட்டுல என் தங்கச்சி இருக்கா."

எலத்தூர் பதின்மூன்று கிலோமீட்டர். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேர பஸ். ஆனால் எங்கள் ஊரில் ஹர்த்தால் மழை மாதிரி, சொல்லாமல் வரும். அன்று காலை ஏழு மணிக்கு அறிவித்திருந்தார்கள். கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. என் ஸ்கூட்டர் இருந்தது. சுஹராத்தா வாழ்க்கையில் ஸ்கூட்டரில் ஏறியதில்லை. பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் எனக்கு வலி இருந்தது.

போகும்போது யாரும் மறிக்கவில்லை. சத்யநாதனின் தங்கை டிராயரைக் கவிழ்த்துக் கொட்டினாள். பித்தான், சாக்குக்கட்டி, உடைந்த ஊசிகள். மெழுகைக் காணோம். சுஹராத்தா டிராயருக்குள் கையை விட்டுப் பின்பக்கம் தடவினாள். மூலையில் ஒரு ரவிக்கைத் துணி மடிப்பு சிக்கியிருந்தது. அதற்குள் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம், நடுவில் மெழுகு, மெழுகுக்குள் நூல் போல மூன்று கோடு. அவள் அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் சுருட்டி உடைக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது புதியங்காடியில் ஏழெட்டுப் பேர் ரோட்டில் டயரைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் என் சாவியைப் பிடுங்கிவிட்டான்.

"எங்க சேச்சி கிளம்பிட்டீங்க? சினிமாவுக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க? எல்லாரும் ஆஸ்பத்திரின்னுதான் சொல்றாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் அந்த மரத்தடியில நில்லுங்க, அப்புறம் விடறோம்."

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் சுஹராத்தா இறங்கி, கைக்குட்டையை அவிழ்த்து, அந்தச் சட்டத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது ஒரு பொம்பளையோட மார்புச் சதை. ரெண்டு மணிக்குள்ள இது போய்ச் சேரலைன்னா அவளுக்கு விஷம் ஏறும். நீ நிறுத்தறதா இருந்தா நீயே கையில வெச்சுக்கோ. ஏன் நிறுத்தினேன்னு அவ புருஷன்கிட்ட நீயே வந்து சொல்லு. பிடி."

அவன் ஒரு அடி பின்னால் போனான். பக்கத்தில் இருந்தவன், "எடா, சாவியக் குடுடா" என்றான். டயரை நகர்த்தினார்கள். ஒருத்தன் வெஸ்ட்ஹில் வரைக்கும் பைக்கில் முன்னால் வந்து வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். ஸ்கூட்டரில் சுஹராத்தா கைக்குட்டையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஓமனே, கீழ விழுந்திருந்தா என்னடி பண்ணியிருப்பேன்" என்று மூன்று தடவை சொன்னாள்.

லேபுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். சாயம் முடிய மூன்றரை மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும். நான் சீவ உட்கார்ந்தேன். மெழுகில் சதை அவ்வளவுதான் இருந்தது, என் கை ஒரு தடவை பிசகினாலும் தீர்ந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து சீவினேன். எட்டுத் துண்டு வந்தது. அடுப்பில் காய வைத்து, பிரஷர் குக்கரில் வேகவிட்டோம். வீட்டில் கடலைக்கறிக்கு வைக்கிற அதே குக்கர்தான், புரதத்தைத் திறந்து கொடுக்க அதைவிட நல்ல சாமான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மருந்தாக விட்டுக் காத்திருக்க வேண்டும். சுஹராத்தா நாற்காலியில் உட்காரவில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன், ஆறிப்போனது.

ஒன்றரைக்கு டாக்டர் வந்து கதவருகே நின்றார். ஒன்றே முக்காலுக்கு வார்டிலிருந்து போன், சலைன் ஏற ஆரம்பித்துவிட்டது, மருந்து கலக்கப் போகிறோம் என்று. டாக்டர், "பத்து நிமிஷம்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "நான் கேக்கறேன், பத்து நிமிஷம்" என்று இரண்டாம் தடவை சொன்னார்.

கடைசிச் சாயத்தைச் சுஹராத்தாதான் விட்டாள். சாதாரணமாக ஐந்து நிமிஷம் விட்டுவிட்டுத்தான் பார்ப்பாள். அன்று குனிந்தபடியே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், ஸ்லைடைப் பார்க்கத் தைரியம் இல்லை. கழுவி, ஈரம் காயும் முன்பே மைக்ராஸ்கோப்பில் வைத்து, தான் பார்க்காமல் டாக்டருக்கு இடம் விட்டாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் ஓரம், பிறகு நடு. நிமிராமலேயே கையை நீட்டிப் போனை எடுத்தார்.

"குருவிளா பேசறேன். வத்சலாவோட ரிப்போர்ட்ட நான் ரத்து பண்றேன். ஆமா, எழுதியே தர்றேன். ஹார்மோன் புரதம் தொண்ணூறு சதவீதம் பாசிட்டிவ். ஆமா, தப்பு எங்களோடது. அந்த மருந்த அவ கண்ணுல படாம எடுத்துக்கிட்டுப் போங்க."

சுஹராத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். டாக்டர் எங்களைப் பார்க்காமல் வெளியே போய், சத்யநாதனிடம் தானே விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் எறியாதது நல்லதாப்போச்சு இல்லையா டாக்டரே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் வேலைக்கு வந்தால், மேஜை முழுக்க ஆராய்ச்சி ஸ்லைடுகள். வத்சலாவுடையது தவிர, நெகட்டிவ் என்று போன எல்லாவற்றையும் சுஹராத்தா மறுபடி எடுத்து ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பார்த்தாள். நல்ல குழாயிலும் பழுப்பு ஏறாதவை இருபத்து மூன்று. அத்தனையும் வெளியூர் வாளிகளில் வந்தவை. ரிஜிஸ்டரில் இருபத்து மூன்றுக்கும் எதிரே பச்சை டிக். ஃபைல்களைப் பார்த்ததில் நான்கு பேர் இறந்திருந்தார்கள்.

டாக்டர் பட்டியலை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இந்த இருபத்து மூணையும் ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடலாம். இருந்தா கணக்கு கெட்டுடும்."

"ஆராய்ச்சியிலேருந்து எடுக்கலாம் சாரே. அவங்க உடம்புலேருந்து எத எடுப்பீங்க? யாருக்காவது மாத்திரை இப்பவாவது பலிக்கும். கூப்பிடணும். நான் கூப்பிடறேன்."

"வேலை போகும் சுஹரா. உனக்கும் போகும், எனக்கும் போகும்."

"போகட்டும்."

டாக்டர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, கொச்சியில் தானே எழுந்து இந்த இருபத்து மூன்றைப் பற்றித்தான் முதலில் பேசப் போவதாகச் சொன்னார். மார்பை நடுவில் கீறாமல் வாளியில் போடக் கூடாது என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் அன்றைக்கே கடிதம் போயிற்று. அதில் மூன்று கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

போன் செய்ய உட்கார்ந்தபோது, உயிரோடு இருக்கும் பத்தொன்பது பேரை மட்டும் கூப்பிட்டால் போதும் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. வரிசையில் முதல் பெயர் ஏலிக்குட்டி, திருவம்பாடி. போன கர்க்கடக மாதத்தில் இறந்தவள். புருஷன் வர்க்கி எடுத்தார். சுஹராத்தா யார், எங்கிருந்து பேசுகிறாள் என்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது.

"அந்த மாத்திரை குடுத்திருந்தா அவ இருந்திருப்பாளா?"

"தெரியாது சேட்டா. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். குடுக்காததுக்கு நான் போட்ட டிக்கும் ஒரு காரணம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"செத்தவளுக்கு எதுக்குப் போன் பண்றே?"

"பட்டியல்ல முதல் பேரு அவங்களோடது. தாண்டிப் போக மனசு வரல."

"மத்தவங்க?"

"பத்தொன்பது பேரு இருக்காங்க. இனிமேதான் கூப்பிடணும்."

வர்க்கி மூக்கை உறிஞ்சினார். பிறகு அதட்டுவது போலச் சொன்னார்:

"அப்ப என்கிட்ட என்ன பேசிக்கிட்டு இருக்கே? வெச்சுட்டு அவங்களக் கூப்பிடு."

அவரே துண்டித்துவிட்டார். சுஹராத்தா தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டாள்.